கைபேசியின் சீரோட்டம்: ஐபோனா, ஆண்ட்ராய்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புதுக் கைபேசி வாங்கப் போகிறவர்களும், வாங்கிய கைபேசி ‘ஹேங் ஆகிறது’ என்று பழுது பார்க்கும் கடைகளில் வந்து நிற்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தக்காளியோ மாங்காயோ விற்றுக் கையில் வந்த பணத்தில் ஒரு குடும்பம் மூன்று நான்கு ஆண்டுகளுக்கென்று வாங்கும் பொருள் என்பதால், விளம்பர வாசகங்களை ஒதுக்கிவிட்டு, கைபேசிக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதிலிருந்தே விடை சொல்ல முயன்றிருக்கிறேன்.

‘ஸ்மூத்தாக இருக்கிறது’ என்பதும் ‘வேகமாக இருக்கிறது’ என்பதும் ஒன்றுதானா?

இல்லை. ஒரு செயலியைத் தொட்டதிலிருந்து அது திறக்க எவ்வளவு நேரமாகிறது என்பது வேகம். திறந்தபின், பட்டியலை விரலால் தள்ளும்போது எழுத்துகள் விரலோடு ஒட்டிக்கொண்டு நகர்கின்றனவா, இடையிடையே தாவுகின்றனவா என்பதுதான் நாம் ஸ்மூத் என்று சொல்லும் சீரோட்டம். மிக வேகமான சிப் உள்ள கைபேசியும் திக்கலாம். எளிய சிப் உள்ள கைபேசியும் சீராக ஓடலாம்.

திரையில் நாம் காணும் அசைவு, பிரேம் எனப்படும் நிலைப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறுவதால் உண்டாகிறது. 60 ஹெர்ட்ஸ் திரை விநாடிக்கு 60 பிரேம்களைக் காட்டும். ஆகவே ஒவ்வொரு பிரேமையும் கணக்கிட்டு வரைந்து முடிக்க 16.67 மில்லி விநாடிதான் அவகாசம். 90 ஹெர்ட்ஸ் திரையில் அது 11.1 ஆகவும், 120 ஹெர்ட்ஸ் திரையில் 8.33 ஆகவும் சுருங்கிவிடும். தருமபுரி பேருந்து நிலையத்தில் பென்னாகரம் பேருந்தை ஒரே ஒரு நிமிடத்தில் தவறவிட்டவர் அடுத்த பேருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதுபோல, 17 மில்லி விநாடியில் தயாரான பிரேம் 33ஆவது மில்லி விநாடியில்தான் திரைக்கு வர முடியும். அதுவரை பழைய படமே இன்னொரு முறை காட்டப்படும். அந்த இடறலைத்தான் கண் திக்கலாக உணர்கிறது.

இதனால்தான் சராசரிக் கணக்கு இங்கே உதவுவதில்லை. விநாடிக்கு 58 பிரேம் வந்தது என்றால் கேட்க நன்றாக இருக்கும். தவறிய இரண்டும் விரல் திரையில் இருக்கும்போதே தவறினால் கைக்கு உறுத்தும். செயலி எழுதுவோருக்குக் கூகுள் வைத்திருக்கும் அளவுகோலில், 16 மில்லி விநாடியைத் தாண்டிய பிரேம் மெதுவான பிரேம் என்றும், 700 மில்லி விநாடியைத் தாண்டியது உறைந்த பிரேம் என்றும் கணக்காகின்றன. ஐந்து விநாடிகளாகியும் தொடுதலுக்குச் செயலி பதில் தராவிட்டால், ‘செயலி பதிலளிக்கவில்லை’ என்ற அறிவிப்பு வருகிறது.

ஆண்ட்ராய்டைவிட ஐபோன் ஸ்மூத் என்கிறார்களே, அது உண்மையா, பெருமைப் பேச்சா?

ஒரு காலத்தில் முழு உண்மை. இன்று பாதி உண்மை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது.

2007இல் வந்த முதல் ஐபோனிலேயே, திரையில் அசையும் படலங்களை வரைகலைச் சிப் ஒன்றுசேர்க்கும் முறை அமைந்திருந்தது. அதைவிட முக்கியமாக, அசைவூட்டத்தை நடத்தும் பொறுப்பு செயலியிடம் இல்லாமல், தனியே இயங்கும் ஒரு மைய நிரலிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஒரு பக்கம் வலமிருந்து இடமாக நகரத் தொடங்கிவிட்டால், அந்த நேரத்தில் செயலி வேறு வேலையில் மூழ்கியிருந்தாலும் பக்கம் தடையின்றி நகர்ந்து முடிந்துவிடும். 2008இல் விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசியில் இந்த ஏற்பாடு இல்லை. செயலியின் உள்ளடக்கத்தைப் பொதுச் சிப்பே வரைந்தது. செயலிகள், அவற்றின் குறிமுறையைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றி ஓட்டும் டால்விக் என்ற மெய்நிகர் எந்திரத்தின்மேல் ஓடின. பயன்பட்டு முடிந்த நினைவகத்தைத் திரட்டி விடுவிக்க அது அடிக்கடி செயலியைச் சற்று நிறுத்திவைத்தது. நிறுத்தம் ஒரு பிரேமின் அவகாசத்தைவிட நீண்ட ஒவ்வொரு முறையும் திரை இடறியது. அந்தக் காலத்தில் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தவர்கள் சொன்னது பொய்யல்ல.

கூகுள் இதைப் படிப்படியாகச் சரிசெய்தது. 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 4.0 முதல், வரையும் வேலை இயல்பாகவே வரைகலைச் சிப்புக்கு மாறியது. 2012இல், ‘ப்ராஜெக்ட் பட்டர்’ என்ற பெயரில் ஆண்ட்ராய்டு 4.1 இந்தச் சீரோட்டத்தையே குறியாகக் கொண்டு வந்தது: வரைதல் முழுவதும் திரையின் துடிப்போடு இணைக்கப்பட்டது, ஒரு பிரேம் தாமதமானாலும் அடுத்தது தயாராகிக்கொண்டிருக்கும்படி மூன்று இடைநிலைப் படங்கள் வைக்கப்பட்டன, விரல் பட்டவுடன் சிப்பின் வேகம் உயர்த்தப்பட்டது. 2014இல் ஆண்ட்ராய்டு 5.0 டால்விக்கை நீக்கி ஏஆர்டி என்ற புதிய இயக்கச் சூழலைக் கொண்டுவந்ததோடு, வரைவதற்கென்றே செயலிக்குள் தனி இழை (மற்ற வேலைகளோடு ஒரே நேரத்தில் ஓடும் வேலைத்தொடர்) ஒன்றையும் அமைத்தது. 2017இல் ஆண்ட்ராய்டு 8.0 நினைவகத்தை விடுவிக்கும்போது ஏற்படும் நிறுத்தத்தை மிகச் சிறிதாக்கியது. ‘ஆண்ட்ராய்டு என்றால் திக்கும்’ என்று இன்றும் சொல்பவர் பத்தாண்டுகளுக்கு முந்தைய அனுபவத்தை வைத்துப் பேசுகிறார் என்றே கொள்ளலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஐபோனிலும் பட்டியலை விரலால் நகர்த்தும்போது அதன் ஒவ்வொரு வரியையும் தயார் செய்வது செயலியின் முதன்மை இழைதான். அந்த இழையிலேயே பெரிய படத்தை விரித்து, கணக்குப் போட்டு, எல்லாவற்றையும் செய்யும்படி எழுதப்பட்ட செயலி ஐபோனிலும் திக்கும்.

அப்படியானால் இன்று வேறுபாடே இல்லையா?

இருக்கிறது, ஆனால் அது விலையைப் பொறுத்தது. இரு பக்கமும் உயர்விலைக் கைபேசிகளை எடுத்துக்கொண்டால், பெரும்பாலானோரின் கண்ணுக்குச் சீரோட்டத்தில் வேறுபாடு தெரியாது. பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய்க் கைபேசிகளில்தான் பள்ளம் தெரிகிறது. ஆப்பிள் அந்த விலையில் புதுக் கைபேசி விற்பதே இல்லை என்பதை ஒப்பிடுவோர் மறந்துவிடுகிறார்கள். மலிவான ஆண்ட்ராய்டை விலையுயர்ந்த ஐபோனோடு ஒப்பிட்டுவிட்டு, விலையின் குறையை இயங்குதளத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது.

இயங்குதளத்தின்மேலேயே நியாயமாகச் சொல்லக்கூடிய குறை ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு பல நிறுவனங்களின் கைகளுக்குப் போகிறது. ஒவ்வொரு நிறுவனமும் தன் முகப்பு, தன் செயலிக் கடை, தன் உலாவி, தன் அறிவிப்புகள் என்று மேலே ஏற்றிக்கொண்டே போகிறது. ஒரே சிப், ஒரே ரேம் (செயலிகள் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) கொண்ட இரண்டு கைபேசிகளில் ஒன்று ஓடுவதும் மற்றொன்று திக்குவதும் பெரும்பாலும் இந்தச் சுமையால்தான். பூட்டுத்திரையில் விளம்பரம் காட்டும் கைபேசியை, அந்த ஒரு காரணத்துக்காகவே நான் பரிந்துரைப்பதில்லை. வாங்கியவரின் நினைவகத்தையும் இணையத்தையும் மின்கலத்தையும் அவருக்கு எந்தப் பயனும் தராத வேலைக்குச் செலவிடுவது சரியல்ல.

6 ஜிபி ரேம் உள்ள ஐபோன் எப்படி 12 ஜிபி ரேம் ஆண்ட்ராய்டுக்கு ஈடுகொடுக்கிறது?

ஐபோன் செயலிகள் சிப்புக்கு நேரடியாகப் புரியும் குறிமுறையாக முன்பே மாற்றப்பட்டவை. நினைவகத்தைப் பயன்படுத்தி முடித்த உடனே விடுவிக்கும் முறையில் எழுதப்படுபவை. ஆண்ட்ராய்டு செயலிகளில் பயன்படாத நினைவகம் அவ்வப்போது மொத்தமாகத் திரட்டி விடுவிக்கப்படுவதால், திணறாமல் ஓட அவற்றுக்குக் கூடுதல் இடம் கையிருப்பில் வேண்டும். அத்துடன், நாம் விட்டு வெளியேறிய செயலியை ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் சில நொடிகளில் உறைய வைத்துவிடுகிறது. ஆண்ட்ராய்டு நெடுங்காலம் பின்னணியில் தாராளமாக ஓடவிட்டது. அண்மைப் பதிப்புகளில் அதுவும் உறைய வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. எனவே இரு தளங்களின் ரேம் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. ஆண்ட்ராய்டுக்குள் ஒப்பிடும்போது மட்டும் ரேம் எண்ணுக்குப் பொருளுண்டு. இன்றைய நிலையில் 4 ஜிபி நெருக்கடி, 6 போதும், 8 நிம்மதி.

பெட்டியின்மேல் ‘8 + 8 ஜிபி’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். பின்னால் உள்ள 8, சேமிப்பகத்திலிருந்து ஒதுக்கப்படும் இடம். சேமிப்பகம் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. பின்னணியில் கிடக்கும் ஒரு செயலி மூடப்படாமல் இருக்க அது உதவலாமே தவிர, சீரோட்டத்துக்கு அதனால் நன்மை இல்லை. மலிவான சேமிப்பகமாக இருந்தால் கெடுதலும் உண்டு.

120 ஹெர்ட்ஸ் திரை கட்டாயமா?

வசதி, கட்டாயமில்லை. ஐபோன் வரிசையில் 2021இன் 13 ப்ரோவில்தான் 120 ஹெர்ட்ஸ் வந்தது. ப்ரோ அல்லாத ஐபோன் 16கூட 60 ஹெர்ட்ஸிலேயே ஓடியது, 2025இன் ஐபோன் 17தான் அதை மாற்றியது. அதுவரை 60 ஹெர்ட்ஸ் ஐபோனையே பலரும் ஸ்மூத் என்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதே, எண்ணைவிடச் சீர்மை முக்கியம் என்பதற்குச் சான்று. வலுவில்லாத சிப்போடு 120 ஹெர்ட்ஸ் திரையைச் சேர்த்தால், 8.33 மில்லி விநாடிக்குள் வேலையை முடிக்க முடியாமல் அது 70க்கும் 110க்கும் இடையே அலைபாயும். அதைவிட, அமைப்பில் 60 என்று நிறுத்திவிட்டால் சீராகவும் இருக்கும், மின்கலமும் கூடுதல் நேரம் நிற்கும்.

ஆன்டூட்டு, கீக்பெஞ்ச் மதிப்பெண்களைப் பார்த்து வாங்கலாமா?

அவை சிப்பின் உச்ச வலிமையைச் சில நிமிடங்களுக்கு அளக்கும் சோதனைச் செயலிகள். விரல் படும்போது பிரேம் தவறுகிறதா என்பதை அந்த ஒற்றை எண்ணில் காண முடியாது.

கடையில் நின்றுகொண்டே சீரோட்டத்தை எப்படிச் சோதிப்பது?

கடையில் வைத்திருக்கும் காட்சிக் கைபேசி புதிதாக, காலியாக, குளிரூட்டிய அறையில் இருக்கும். அதில் முகப்பைத் தள்ளிப் பார்ப்பது எதையும் சொல்லாது. நீளமான பட்டியல் ஒன்றைத் திறவுங்கள். அமைப்புகள் பக்கமோ, செயலிக் கடையின் படங்கள் நிறைந்த பக்கமோ போதும். விரலை எடுக்காமல் மெதுவாக, ஓர் அங்குலம் மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். வேகமாகத் தள்ளும்போது மறைந்துவிடும் திக்கல், மெதுவாக இழுக்கும்போது எழுத்துகளின் ஓரத்தில் நடுக்கமாகத் தெரிந்துவிடும். அடுத்து, கேமராவைத் திறந்து படமெடுத்த கையோடு படத்தொகுப்புக்குப் போய், அங்கிருந்து விசைப்பலகை தேவைப்படும் ஒரு செயலிக்குத் தாவுங்கள். தமிழில் தட்டச்சு செய்பவர் என்றால் அங்கேயே இரண்டு வரி தட்டிப் பாருங்கள். விசைப்பலகை என்பதும் தனியே ஏற்றப்பட வேண்டிய ஒரு செயலி என்பதால், நினைவக நெருக்கடி முதலில் தலைகாட்டும் இடம் அதுதான்.

ஏற்கெனவே கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு என்றால் இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வழியுண்டு. ‘அபவுட் போன்’ பகுதியில் ‘பில்டு நம்பர்’ மேல் ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ‘ப்ரொஃபைல் ஹெச்டபிள்யூயூஐ ரெண்டரிங்’ என்பதைத் தேர்ந்து, திரையிலேயே பட்டைகளாகக் காட்டும்படி வையுங்கள். திரையின் அடியில் வண்ணக் கோடுகள் புல் முளைத்ததுபோல வரிசையாக எழும். ஒவ்வொன்றும் ஒரு பிரேம். குறுக்கே ஓடும் பச்சைக் கோடு 16 மில்லி விநாடி எல்லை. விரலால் தள்ளும்போது பெரும்பாலான பட்டைகள் பச்சைக்குக் கீழேயே அடங்கினால் கைபேசியில் குறையில்லை. ஒரு செயலியில் மட்டும் பட்டைகள் திரையின் பாதி உயரத்துக்கு எழும்பினால், குற்றம் அந்தச் செயலியுடையது. முகப்பிலும் அமைப்புகளிலுமே எழும்பினால்தான் கைபேசியைச் சந்தேகிக்க வேண்டும்.

வாங்கியபோது நன்றாக ஓடியது, ஒன்றரை ஆண்டில் ‘ஹேங்’ ஆகிறதே, ஏன்?

நம் பகுதியில் வரும் புகார்களில் மிகுதியானது இதுதான்; பெரும்பாலும் காரணம் சேமிப்பகம்.

பாலக்கோட்டிலோ இராயக்கோட்டையிலோ தக்காளி மண்டியோடு தொடர்புள்ள ஒருவரின் கைபேசியை எடுத்துக்கொள்வோம். 64 ஜிபி சேமிப்பகம். வாட்ஸ்ஆப்பில் நாளும் கிரேடு வாரியாகத் தக்காளிப் படங்கள், எடைச் சீட்டுகள், லாரி எண்கள், குடும்பக் குழுவின் காலை வணக்கங்கள், குலதெய்வக் கோயில் திருவிழாக் காணொலிகள். எல்லாம் தானாகவே பதிவிறங்கி அமர்ந்திருக்கும். கடைசியில் எஞ்சியிருப்பது ஒன்றரை ஜிபி. இந்த நிலையில் கைபேசி திக்காமல் இருந்தால்தான் வியப்பு. கைபேசியின் சேமிப்பகத்தில் பழையதன்மேல் நேராக எழுத முடியாது. ஒரு பெரிய தொகுதி முழுவதையும் அழித்த பிறகே புதிதாக எழுத முடியும். காலி இடம் குறையக் குறைய, ஒரு சிறு பதிவுக்காகவும் பழைய தரவுகளை இடம்மாற்றி, அழித்து, பிறகு எழுத வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் படிக்கக் காத்திருக்கும் செயலி நின்றுவிடுகிறது.

சேமிப்பகத்தின் வகையும் இதில் சேர்ந்துகொள்கிறது. மலிவுக் கைபேசிகளில் இருக்கும் இஎம்எம்சி வகை ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் இயலாதது. யுஎஃப்எஸ் வகை இரண்டையும் சேர்த்தே செய்யும், வேகமும் பல மடங்கு. வாட்ஸ்ஆப் பின்னணியில் காணொலியை எழுதிக்கொண்டிருக்கும்போது நீங்கள் தொடர்பு எண்களைத் திறந்தால், இஎம்எம்சி கைபேசியில் அந்தத் திறப்பு வரிசையில் நிற்க வேண்டும். கடையில் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பவர்கள், சேமிப்பகம் யுஎஃப்எஸ்ஸா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பிற்காலத் துன்பத்தில் பாதி குறையும். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

செய்ய வேண்டியது: வாட்ஸ்ஆப்பில் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்துங்கள், அதன் ‘ஸ்டோரேஜ்’ பகுதியில் பெரிய கோப்புகளை அழியுங்கள், மொத்த இடத்தில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். இரவில் அணைக்காமல் மின்னேற்றியில் விட்டுவைப்பதும் நல்லது. அழித்த இடங்களைச் சேமிப்பகத்துக்கு அறிவிக்கும் பராமரிப்பு வேலையை ஆண்ட்ராய்டு 2013இன் 4.3 பதிப்பு முதல், கைபேசி சும்மா இருக்கும் நேரத்தில் தானே செய்துகொள்கிறது.

கோடையில் மட்டும் மெதுவாகிறது. இது இயங்குதளத்தின் குறையா?

வெப்பத்தின் விளைவு, இரண்டு தளங்களுக்கும் பொது. சிப் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், திரை மங்கும், மின்னேற்றம் நிற்கும். ஐபோனை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தும்படி ஆப்பிளே சொல்கிறது. சித்திரை வைகாசியில் தருமபுரி, அரூர், ஊத்தங்கரைப் பக்கம் நிழலிலேயே அந்த எல்லை கடந்துபோகும். மாங்காய்ப் பருவமும் அதே நேரம். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம் மண்டிகளின் திறந்த முற்றத்தில், முழு வெளிச்சத்தில் திரையை வைத்துக்கொண்டு, விலை கேட்டுக் காணொலி அழைப்பில் பேசுபவரின் கைபேசி திக்காமல் வேறென்ன செய்யும்? கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் அதே கைபேசி அதே மாதத்தில் நன்றாக ஓடுவதைப் பார்க்கலாம். வெயில் நேரத்தில் தடித்த உறையைக் கழற்றுவதும், மின்னேற்றிக்கொண்டே பேசாமல் இருப்பதும், வண்டியின் முகப்பில் வைக்காமல் இருப்பதும் எந்த அப்டேட்டையும்விட அதிகம் உதவும்.

அஞ்செட்டி, வத்தல்மலைப் பக்கம் போனால் கைபேசியே மந்தமாகிவிடுகிறதே?

அங்கே மந்தமாவது இணையம், கைபேசி அன்று. கோபுரம் தொலைவில் இருந்தால் கைபேசி மிகுந்த ஆற்றலோடு அலை அனுப்ப வேண்டியிருக்கிறது. அதனால் மின்கலம் சீக்கிரம் தீர்கிறது, சூடும் ஏறுகிறது. போச்சம்பள்ளி வாரச்சந்தை போன்ற கூட்டத்தில் கோபுரம் பக்கத்திலேயே இருந்தாலும் ஆயிரக்கணக்கானோர் அதைப் பங்கிட்டுக்கொள்வதால், ஆடு வாங்கியவர் யுபிஐயில் பணம் அனுப்பும்போது வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். அந்த வட்டம் தடங்கலின்றி அழகாகச் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். சுற்றினால் கைபேசி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, மறுமுனையிலிருந்துதான் பதில் வரவில்லை. வட்டமே உறைந்து நின்றால் தடை கைபேசிக்குள் இருக்கிறது.

பழைய ஐபோனை ஆப்பிள் வேண்டுமென்றே மெதுவாக்குகிறது என்பது உண்மையா?

நடந்ததைச் சொல்கிறேன். 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1, ஐபோன் 6, 6எஸ் வரிசைகளில் மின்கலம் தேய்ந்திருந்தால் சிப்பின் உச்ச வேகத்தைக் குறைத்தது. தேய்ந்த மின்கலத்தால் திடீர்த் தேவைக்கு மின்சாரம் தர இயலாமல் கைபேசி அணைந்துபோவதைத் தடுப்பதே நோக்கம் என்று ஆப்பிள் அந்த ஆண்டு டிசம்பரில் ஒப்புக்கொண்டது. நோக்கம் நியாயமானதாகவே இருந்தாலும், வாங்கியவர்களிடம் தெளிவாகச் சொல்லாமல் செய்தது தவறு. புது மின்கலம் போட்டால் சரியாகிவிடும் என்பது தெரியாமல் எத்தனையோ பேர் புதுக் கைபேசியே வாங்கியிருப்பார்கள். 2018இல் ஐஓஎஸ் 11.3 முதல் மின்கலத்தின் நிலையை அமைப்புகளிலேயே பார்க்கலாம். 80 விழுக்காட்டுக்குக் கீழே போன ஐபோன் திக்கினால், முதலில் மின்கலத்தை மாற்றிப் பாருங்கள்.

அப்டேட் போட்ட மறுநாள் மெதுவாக இருக்கிறது. போடாமலே விட்டுவிடலாமா?

விடக்கூடாது, பாதுகாப்புத் திருத்தங்கள் அதில்தான் வருகின்றன, வங்கிக் கணக்கு கைபேசியில் இருக்கிறது. பெரிய அப்டேட்டுக்குப் பிறகு ஐபோன் படங்களையும் தேடல் பட்டியலையும் மீண்டும் அடுக்குகிறது. ஆண்ட்ராய்டு செயலிகளைப் புதிய பதிப்புக்கு ஏற்பத் திரும்பத் தொகுக்கிறது, அதாவது சிப்புக்கு நேரடியாகப் புரியும் குறிமுறையாக மாற்றுகிறது. 2016இன் ஆண்ட்ராய்டு 7 முதல் இந்தத் தொகுப்பு, நீங்கள் எந்தப் பகுதிகளை அதிகம் பயன்படுத்துகிறீர்கள் என்பதைக் கவனித்து, மின்னேற்றியில் சும்மா இருக்கும் நேரத்தில் நடக்கிறது. இரண்டு மூன்று இரவுகள் பொறுத்துப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அண்மையில் பயன்படுத்திய செயலிகளை அடிக்கடி தள்ளி மூடினால் வேகம் கூடுமா?

கூடாது. மூடிய செயலியை மறுபடி முதலிலிருந்து ஏற்றுவதற்கே சிப்பும் மின்கலமும் அதிகம் உழைக்க வேண்டும். பதில் தராத செயலியை மட்டும் மூடும்படிதான் ஆப்பிளும் சொல்கிறது. ‘கிளீனர்’, ‘பூஸ்டர்’ என்ற பெயரில் வரும் செயலிகளை நீக்கிவிடுங்கள்.

அம்மாவுக்கு ஒரு மலிவான கைபேசி. குறைந்த விலையில் சீராக ஓடும் தளமே இல்லையா?

இருந்தது. 2010இல் வந்த விண்டோஸ் போன், 512 எம்பி ரேம் மட்டுமே கொண்ட லூமியா 520இல்கூட வியக்கத்தக்க சீரோட்டத்தோடு ஓடியது. செயலிகள் போதாமல் அந்தத் தளம் தேய்ந்து, 2020 தொடக்கத்தில் ஆதரவும் முடிந்தது. நல்ல பொறியியல் மட்டும் ஒரு தளத்தைக் காப்பாற்றாது என்பதை எண்ணும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. குறைந்த ரேமுக்கென்றே கூகுள் 2017இல் அறிவித்த ஆண்ட்ராய்டு கோ இன்றும் இருக்கிறது. அழைப்பு, வாட்ஸ்ஆப், யூடியூப் என்றிருப்பவருக்கு அது பொருந்தும்; ஆனால் ரேம் 3 ஜிபிக்குக் குறையாமல் பாருங்கள்.

ஓசூர்ப் பக்கம் ஐபோன் பாகங்கள் தயாராகின்றன. இந்தியாவில் செய்ததைவிட வெளிநாட்டு ஐபோன் ஸ்மூத்தாக இருக்குமா?

இருக்காது. ஓசூருக்கு அருகிலுள்ள டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலை ஐபோனின் வெளிக்கூட்டைத் தயாரித்துப் பெயர் பெற்றது. நம் இரு மாவட்டங்களின் பெண்கள் பலர் அங்கே வேலை செய்கிறார்கள். எங்கே பூட்டினாலும் ஒரு மாதிரிக்குள் சிப்பும் இயங்குதளமும் ஒன்றே. ‘துபாய் செட்’ என்று கூடுதல் பணம் கொடுப்பதால் ஒரு பிரேம்கூடக் கூடுதலாக வராது.

பதினைந்து, இருபதாயிரத்துக்குள் பழைய ஐபோன் வாங்குவதா, புது ஆண்ட்ராய்டா?

சீரோட்டத்தை மட்டும் பார்த்தால், நல்ல நிலையில் உள்ள ஐபோன் 11 அல்லது 12 இன்றும் அந்த விலையில் கிடைக்கும் பல புது ஆண்ட்ராய்டுகளை வெல்லும். அவற்றின் சிப் அவ்வளவு வலிமையானது. ஆனால் இரண்டிலும் ரேம் 4 ஜிபி என்பதால், செயலி மாற்றித் திரும்பினால் பக்கம் புதிதாக ஏறும். மின்கலம் 11இல் 3110, 12இல் 2815 மில்லி ஆம்பியர் மணி மட்டுமே. புது ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் 5000க்குக் குறைவதில்லை. 2025இன் ஐஓஎஸ் 26 ஐபோன் 11 வரை வந்திருக்கிறது. 2018இன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் இரண்டும் விடுபட்டுவிட்டன. 11ஐ இன்று வாங்குபவர், ஆதரவின் கடைசிப் பகுதியை வாங்குகிறார்.

காலையில் தேன்கனிக்கோட்டையிலிருந்து கிளம்பி இரவு வரை மின்னேற்ற வழியில்லாமல் சுற்றுபவர், இரண்டு சிம் போட்டு நாள் முழுவதும் பேசுபவர், வயலில் வேலை செய்பவர் ஆகியோருக்கு என் பரிந்துரை புது ஆண்ட்ராய்டுதான்: யுஎஃப்எஸ் சேமிப்பகம், 128 ஜிபி, 8 ஜிபி உண்மையான ரேம், விளம்பரம் காட்டாத முகப்பு. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள், கேமராவையும் சீரோட்டத்தையும் பெரிதாக மதிப்பவர்கள், பக்கத்திலேயே மின்னேற்றி உள்ளவர்கள் பழைய ஐபோனை வாங்கலாம். வாங்கும்போது ‘அபவுட்’ பகுதியில் மாற்றப்பட்ட பாகங்களின் விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். மின்கலம் 100 விழுக்காடு என்று காட்டி, அது அடையாளம் தெரியாத பாகம் என்றும் அங்கே எழுதியிருந்தால், அந்த 100ஐ நம்பி விலை பேசாதீர்கள்.